மனம் தளர்ந்தாலும் நடை தளரலாகாது
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது முன்னோர் வாக்கு. உடல் நலமாக இருந்தால்தான் வழிபாடும் தொண்டும் இடையறாது நடைபெறும். திருமூலர் உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகவே கண்டார். ஆலயத்தில் நாள்தோறும் விளக்கேற்றுவது போல உடம்பையும் நாள்தோறும் பேணுதல் கடமையாகும்.

அக்கடமைக்கு 2020-ஆம் ஆண்டு பெருஞ்சோதனையாக அமைந்தது. மார்ச் 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மலேசியாவில் மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மெதுவோட்டத்திற்கும் தடை விதிக்கப்பட்டது. மே 4-ஆம் நாள்தான் அத்தடை தளர்ந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை உடற்பயிற்சிக் கூடங்களும் நீச்சல் குளங்களும் மூடிக் கிடந்தன.

முதல் வாரத்தில் பலர் வீட்டிலேயே ஊக்கத்துடன் பயிற்சி செய்தனர். மூன்றாம் வாரத்தில் "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல் தலைகாட்டியது. இதைச் சோம்பல் என்று மட்டும் பழித்துவிட முடியாது. வேலைக்குப் புறப்படும் நேரம், சந்தைக்குச் செல்லும் நேரம், கோயில் பூசை நேரம் ஆகியவையே பழக்கத்தைத் தாங்கி நின்ற தூண்கள். தூண்கள் சாய்ந்ததும் பழக்கமும் சாய்ந்தது. பேருந்து நிலையம் வரை நடந்த நடையும், பிராகாரத்தை வலம் வந்த நடையும் உடற்பயிற்சியே என்பது அவை நின்ற பிறகுதான் விளங்கியது.

இந்நிலையில் இங்கிலாந்து நாட்டு முதியவர் ஒருவர் வழிகாட்டினார். கேப்டன் டாம் மூர் என்னும் அப்பெரியவர் இரண்டாம் உலகப் போரில் பர்மாக் களத்தில் பணியாற்றியவர். இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் நடைதாங்கியைப் பற்றியே நடந்தார். 2020 ஏப்ரல் 30-ஆம் நாள் அவருக்கு நூறு வயது நிறைவடைய இருந்தது. அதற்குள் 25 மீட்டர் நீளமுள்ள தோட்டப் பாதையை நூறு முறை நடந்து, மருத்துவச் சேவைக்கு 1,000 பவுன் திரட்ட உறுதி பூண்டார். நாளொன்றுக்குப் பத்து நடை. ஏப்ரல் 16-ஆம் நாளே நூறாவது நடை நிறைவேறியது. சேர்ந்த தொகையோ 30 மில்லியன் பவுனைத் தாண்டியது. 2021 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் நடந்த மொத்தத் தூரம் இரண்டரைக் கிலோமீட்டர்தான். எனினும் அந்நடையில் மூன்று பாடங்கள் உள்ளன. அளவு சிறிதாக இருந்தது. ஆகவே அஞ்சி விலக இடமில்லை. கணக்கு இருந்தது, ஆகவே ஒவ்வொரு நாளும் முன்னேற்றம் தெரிந்தது. பிறர் நலம் நோக்கமாக இருந்தது; ஆகவே மனம் சலித்த நாளிலும் கால் நின்றுவிடவில்லை.

இதை ஒவ்வொரு இல்லத்திலும் கடைப்பிடிக்கலாம். காலையில் சாமி விளக்கேற்றியவுடன் பத்து நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொண்டால், விளக்கே நினைவூட்டும். நடந்த நாளை நாட்காட்டியில் குறிக்கலாம். ஒரு நாள் தவறினால் மனம் உடையாமல் மறுநாள் தொடரலாம். பெரியவர்கள் வரவேற்பறையில் நடக்கும்போது பேரப்பிள்ளை கைபிடித்து எண்ணினால் இருவருக்கும் பயனுண்டு.

பெரியவர்கள் திறத்தில் இது மிக முதன்மையானது. அசையாதிருந்தால் தசை விரைவில் மெலியும். முதுமையில் இழந்த வலிமையை மீட்பது கடினம். வலிமை குன்றினால் விழும் இடர் பெருகும். பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டுமென்றும், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டுமென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. சிறிதும் செய்யாதிருப்பதைவிடச் சிறிதேனும் செய்தல் நன்று என்றும் அது கூறியது. நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம்.

2023 மே 5-ஆம் நாள் அந்நெருக்கடி நிலை முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் புகைமூட்டமும் அடைமழையும் நோயும் மனிதரை வீட்டில் அடைக்கும் நாள்கள் இனியும் வரும். அந்நாள்களில் வீட்டுக்குள் நடந்த கால்களே, கதவு திறக்கும் நாளில் பத்துமலையின் 272 படிகளையும் ஏறும்.

நடை தொடர்க! நலம் பெருகுக!