படிகக் கிண்ணமும் நம் குரலும்

மண்பானை வாங்கும் பெண்கள் அதைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். கண்ணுக்குப் புலப்படாத கீறலையும் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். கலத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. கலத்தின் ஓசையைக் கேட்டு மனிதனும் மெய் பேசப் பழகலாம் என்று இந்நாளில் சிலர் கூறுகிறார்கள். படிகக் கிண்ணங்களை ஒலிக்கச் செய்து, மனத்தில் மறைத்து வைத்ததை வெளியிடப் பயிற்சி தருகிறார்கள். கொல்கத்தாவின் தென்பகுதியில் ஒரு வீட்டு மாடியில் நடந்த அத்தகைய கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் என்னையும் அழைத்துச் சென்றார்.

அந்தக் கிண்ணங்கள் தூய குவார்ட்ஸ் மணலை உருக்கிச் செய்தவை, வெண்ணிறமானவை. தோல் சுற்றிய கோலை விளிம்பின்மேல் அழுத்திச் சுற்றினால், கோல் விளிம்பைப் பற்றும், வழுக்கும், மறுபடியும் பற்றும். இது இடையறாது நிகழ நிகழ, வட்டமான விளிம்பு நமக்குத் தெரியாத அளவில் நெளிந்து நெளிந்து அதிர்கிறது. நீண்டதொரு நாதம் எழுகிறது. பெயரில் மட்டும் ஒரு சிறு பொய் இருக்கிறது. உருகிக் குளிர்ந்த அந்த மணலில் படிகத்துக்குரிய அணுவொழுங்கு கிடையாது. அது ஒருவகைக் கண்ணாடியே. மின்னணுத் தொழிலில் சிலிக்கனை உருக்குவதற்கென்று செய்யப்பட்ட கலமே பின்னர் இசைக்கு வந்து சேர்ந்தது. மெய் பேசக் கற்பிக்கும் கருவி என்பதால் இதையும் சொல்லிவிடுவது முறை.

பற்றியும் வழுக்கியும் எழும் நாதத்தை ஆராய்ந்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் நம்மவர். ஆராய்ந்த இடமும் இந்நகரமே. சி. வி. ராமன் 1907-ஆம் ஆண்டில் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். பகலெல்லாம் கணக்குக் கோப்புகள். அலுவலகம் முடிந்தபின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. வில் உராயும்போது பிடிலின் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதை நுணுகிக் கண்டு, 1918-இல் நூலாக வெளியிட்டார். பிடிலின் வில் தந்திக்குச் செய்வதைத்தான் தோல் சுற்றிய கோல் கிண்ணத்துக்குச் செய்கிறது. வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் ஓசைகளையும் அவர் ஆராய்ந்தார். 1917-இல், சம்பளம் குறையும் என்று அறிந்தே அரசாங்க உத்தியோகத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அந்நிய ஊரில், பிறர் கணக்கை எழுதும் வேலையில், தம் உள்ளம் எதை நாடியது என்பதை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. பிறர் வாக்கியங்களையே நாளெல்லாம் மொழிபெயர்க்கும் எனக்கு அவர்மீது சற்றுப் பொறாமையும் உண்டு.

மாடிக்கு வருவோம். பன்னிரண்டு பேர் பாயில் அமர்ந்திருந்தோம். கிண்ணங்கள் ஒலிக்கத் தொடங்கியதும் கண்களை மூடி, அந்த நாதத்தோடு எங்கள் குரலையும் சேர்க்கச் சொன்னார்கள். சுருதிப் பெட்டியை வைத்துப் பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஆதார சுருதி அசையாமல் நிற்கும்போது நம் குரல் எங்கே நடுங்குகிறது, எங்கே கழுத்தை இறுக்குகிறோம் என்பது நமக்கே கேட்டுவிடும். கிண்ணத்தின் பயன் இதுதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் உடம்பில் ஓரிடம் உண்டு என்று அவர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 62 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிண்ணங்களின் ஒலியைக் கேட்டபின் மன இறுக்கமும் சினமும் தணிந்ததாகக் கண்டார்கள். ஆனால் ஒலி கேளாமல் வெறுமனே படுத்திருந்த வேறொரு குழுவோடு அவர்கள் ஒப்பிடவில்லை. ஆகவே பெருமை ஒலிக்கா, ஓய்வுக்கா என்று அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது.

பிறகு, இதுவரை மறைத்த ஒன்றை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றார்கள். சிலர் வங்காளியில் சொன்னார்கள். ஓர் அம்மையார் அழுதார். என் முறை வந்தபோது வாக்கியம் தமிழில் வந்தது. “அம்மாவின் கடைசி நாட்களில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்பது பொய், நான் விடுப்பே கேட்கவில்லை.”

அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எல்லாரும் பரிவோடு தலையசைத்தார்கள். நெஞ்சு இலேசானது உண்மை. ஆனால் டிராமில் திரும்பும்போது ஒரு கேள்வி எழுந்தது. புரிந்துகொள்ள முடியாதவர்கள் நடுவில் சொன்னதை மெய் சொன்னதாகக் கொள்ளலாமா? வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்த வசதி ஏராளமாக இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி, ஊருக்கு எழுதும் கடிதத்தில் “இங்கு யாவரும் நலம்” என்ற ஒரு வரி. எதை எந்த மொழியில் சொன்னால் யாருக்கும் தைக்காது என்பதை நாம் நன்றாகக் கற்று வைத்திருக்கிறோம். கிண்ணம் குரலைத் திறந்து கொடுக்கும். கேட்க வேண்டியவரை அழைத்து வராது.

அந்த வாக்கியம் என் அண்ணனுக்கு உரியது. இந்தப் பேச்சை எழுதி முடித்த அன்று இரவு, வானொலியில் கேட்டு அறியும் முன்னரே தெரிவித்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கிண்ணம் ஏதும் அருகில் இல்லை. குரல் நடுங்கத்தான் செய்தது. அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வருஷம் திதிக்கு நீயும் வந்துவிடு” என்றார்.