பஞ்சத்தைக் காட்டிய இதழும் பாடமும்



1943ஆம் ஆண்டில் வங்காளம் பசியால் மடிந்துகொண்டிருந்தது. போர்க்காலமாதலின், அச்செய்தி வெளிவராமல் அடக்கப்பட்டது. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஓர் ஆங்கிலேயர், ஆட்சியாளரின் இனத்தவர்தாம். ஆயினும், ஆகஸ்டு 22ஆம் நாள், வீதிகளில் கிடந்தோரின் நிழற்படங்களை அவர் வெளியிட்டார். மறைக்கப்பட்ட துயரம் தில்லிக்கும் இலண்டனுக்கும் எட்டியது. இலட்சக்கணக்கானோர்க்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது என்பதும் உண்மையே.

படங்களைக் கண்டு இரங்கியவர்க்கு, அத்துயர் ஏன் வந்தது என்பது விளங்கவில்லை. அப்பஞ்சத்தை ஒன்பது வயதில் நேரிற்கண்ட அமர்த்தியா சென், பொருளியல் பயின்று, 1981இல் நூலொன்றில் விளக்கினார்: உணவுக் குறைவைவிட, ஏறிய விலைக்கு ஈடாகக் கூலி ஏறாததால் ஏழைகள் அரிசி வாங்கும் திறனை இழந்ததே பெருங்காரணம். அன்னதானம் நடைபெறும் ஆலயத்தின் சமய வகுப்பிலே, பிள்ளைகளுக்கு இதனையும் ஒருநாள் சொல்லித் தரலாமே!