முதல் இழைப்புளி

மரவேலை பழக வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள், அலுவலகம் போகிறவர்கள், கல்லூரி மாணவிகள் என்று பலரும் மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சிறியதாக ஒரு பட்டறை போட்டுக்கொள்கிறார்கள். ரம்பமும் சுத்தியலும் வாங்கும்போது வராத தயக்கம், இழைப்புளி வாங்கப் போனால் வந்துவிடுகிறது. சிறியது, பெரியது, மரக்கட்டையில் செய்தது, இரும்பில் வார்த்தது என்று வரிசையாக இருக்கும். எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்று வாங்குங்கள். மீதிப் பணத்தில் நல்ல தீட்டுகல் வாங்குங்கள்.

இழைப்புளிகளின் நீளம் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. பலகையில் மேடும் பள்ளமும் இருக்கும். குட்டையான இழைப்புளி பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஓடும். அதனால் வழவழப்பு வரும், மட்டம் வராது. நீளமானது இரண்டு மேடுகளின் மேல் படுத்துக்கொண்டு மேட்டை மட்டும் சீவும்; அதனால் மட்டம் வரும். இன்று நாம் காணும் இரும்பு இழைப்புளியின் அமைப்பு பெரும்பாலும் அமெரிக்கரான லெனார்ட் பெய்லி உருவாக்கியது. அவருடைய காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனம் தன் இழைப்புளிகளுக்கு இட்ட எண்களைத்தான் இன்றும் பல நாடுகளில் சொல்லிக் கேட்கிறார்கள். 4ஆம் எண் சுமார் 9 அங்குலம், நைசாக இழைக்க. 7ஆம் எண் 22 அங்குலம், நீளப் பலகைகளின் விளிம்பை நேராக்க. நடுவில் இருக்கிற 5ஆம் எண் 14 அங்குலம். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த நடு அளவே போதும். சொரசொரப்பான பலகையை அடித்து இறக்கவும் செய்யும், நன்றாகத் தீட்டினால் மெருகாக இழைக்கவும் செய்யும். ஆப்பு வைத்து இறுக்கும் மரக்கட்டை இழைப்புளியில் ஏறக்குறைய அதே நீளத்தில் கிடைத்தால் அதையும் தாராளமாக எடுக்கலாம்.

பழையது கிடைத்தாலும் நல்லதுதான். அடிப்பக்கத்தின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அலகு வெளியே நீட்டும் வாய்க்கு முன்னாலும் பின்னாலும் ஸ்கேல் ஒட்டி நிற்க வேண்டும். வாய் ஓரத்தில் விரிசல் இருந்தால் வாங்க வேண்டாம். மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும். அலகின் தட்டையான முதுகில், முனைக்கு அருகே குழிகுழியாக அரித்திருந்தால் மட்டும் அது கூருக்கு ஆகாது.

வாங்கியாயிற்று. இனிமேல்தான் உண்மையான வேலை. புது இழைப்புளியைக்கூட அப்படியே ஓட்ட முடியாது, தீட்டித்தான் ஆக வேண்டும். முதலில் அலகின் முதுகை, முனை ஓரம் முழுவதும் பளபளக்கும்வரை, கல்லில் தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபக்கத்துச் சரிவு. சரிவு 25 முதல் 30 பாகைக்குள் இருந்தால் சரி. இதை அளக்கக் கருவி வேண்டாம். அலகின் தடிமனைப் போலச் சரிவின் அகலம் சரியாக இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. சரிவைக் கல்லில் படியவைத்துத் தேய்த்தால், முதுகுப் பக்கம் மெல்லிய பிசிறு எழும். விரல் நுனியை முனையிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்தினால் அது தட்டுப்படும். முனையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அந்தப் பிசிறு வந்த பிறகே நைசான கல்லுக்குப் போக வேண்டும். அதில் சரிவைத் தேய்த்துவிட்டு, முதுகைத் தட்டையாக வைத்து நாலைந்து முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பிசிறு வரும்வரை பொறுக்காமல் கல்லை மாற்றினால் எத்தனை நேரம் தேய்த்தாலும் கூர் ஏறாது.

அலகை மாட்டும்போது, அதன் மேல் பதியும் தகட்டை முனைக்கு மிக அருகில் வையுங்கள். நைசான இழைப்புக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி போதும். சீவலை அந்தத் தகடு உடனே மடக்கிவிடுவதால் மரம் பிய்ந்து வராது. அலகை முழுக்க உள்ளே ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள். பலகையில் ஓட்டியபடியே, துளித் துளியாக இறக்குங்கள். முதலில் ஒன்றும் வராது, பிறகு தூள் வரும், அடுத்துச் சுருள் வரும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான்.

இனி மரத்தைப் படிக்க வேண்டும். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். நார்க் கோடுகள் எந்தப் பக்கமாக மேலேறிப் போகின்றனவோ, அந்தப் பக்கமாகவே தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் மரம் சிலும்பும். சிலும்பினால் பலத்தைக் கூட்டாதீர்கள், பலகையைத் திருப்பிப் போடுங்கள். வேம்பில் நார் பின்னிக்கொண்டு கிடக்கும். தேக்கு அலகைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் ஆணி இல்லாத பைன் பலகையில் கை பழகுவது நல்லது. தள்ளும்போது தொடக்கத்தில் முன்கைக்கு அழுத்தம், நடுவில் இரண்டு கைக்கும், முடிவில் பின்கைக்கு. இதைத் தவறவிட்டால் பலகையின் இரு முனையும் சரிந்துவிடும்.

காதையும் கூடவே பழக்குங்கள். கூரான அலகு சர்ரென்று ஒரே சீராக ஓடும். ஓசை கரகரத்தால் நிறுத்திவிட்டுக் கல்லுக்குப் போங்கள். தச்சுப் பட்டறையில் கவனித்துப் பாருங்கள்: அனுபவமுள்ள ஆசாரி, வேலை பாதியில் இருக்கும்போதே அலகைக் கழற்றித் தீட்டுவார். அந்த நிமிடங்களை அவர் வீணாகக் கருதுவதில்லை, அதுவும் இழைப்பதில் ஒரு பகுதிதான் அவருக்கு.

அதனால் முதல் மாதத்தில் மேசை, நாற்காலி எதுவும் வேண்டாம். ஒரு முழ நீளப் பலகையின் ஒரு முகத்தை மட்டமாக்குங்கள். அதன் ஒரு விளிம்பை அந்த முகத்துக்கு மூலைமட்டத்தில் கொண்டுவாருங்கள். அவ்வளவு கைவந்துவிட்டால், அடுத்து எந்த இழைப்புளி வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள். கடைக்காரரைக் கேட்க வேண்டியிருக்காது.