உடைந்த பானையும் சிட்டுக்குருவியும்

(தில்லியில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



கழிபொருளிலிருந்து பயன் காணலாம் என்பதற்கு நாடறிந்த சான்று சண்டிகாரின் பாறைத் தோட்டமாகும். சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு உருவாக்கிய அத்தோட்டம் 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே கழிபொருள் மனிதர் கண்ணுக்கு விருந்தாயிற்று. அதே பொருள் நம் குடியிருப்புகளில் பறவைக்கும் தேனீக்கும் தேரைக்கும் எவ்வாறு பயன்படும் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் பொருளாதாரக் கணக்கைப் பார்ப்போம். பழைய இரும்பும் பித்தளையும் காகிதமும் பழைய பொருள் வணிகரிடம் விலை பெறுகின்றன, ஆலைகளுக்கு மூலப்பொருளாகின்றன. அவற்றைத் தோட்டத்தில் துருப்பிடிக்க விடுவது சிக்கனமாகாது. விலைபோகாத பானை, சட்டி, மரச்சட்டம் ஆகியவையே இப்பணிக்கு உரியவை.

2012-இல் தில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்ட சிட்டுக்குருவி, ஓட்டு இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் கூடு கட்டும் பறவை. கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்ட புதிய கட்டடங்களில் அத்தகைய இடுக்குகள் அரிது. சிறு பானையில் ஏறத்தாழ மூன்றரை செ.மீ. அகலமுள்ள வாயில் அமைத்து, வெயிலும் பூனையும் எட்டாத உயரத்தில் நிழலில் கட்டினால் அக்குறை ஓரளவு தீரும். வாயில் பெரிதானால் மைனா புகுந்துவிடும். தகர டப்பா கோடையில் கொதித்துக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளே உணவு. ஆகவே, பானையைத் தொங்கவிட்டுவிட்டுச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதில் பொருளில்லை.

வண்ணம் பூசாத பழைய கதவுச் சட்டத்தில் 6 முதல் 10 மி.மீ. வரை அகலமுள்ள துளைகளை ஆழமாக இட்டால், தனித்து வாழும் தேனீ வகைகள் அவற்றில் முட்டையிடும். வாய் உடைந்த சட்டியை ஈரமான நிழலில் கவிழ்த்து வைத்தால் தேரைக்குப் புகலிடமாகும்.

தண்ணீரைப் பொறுத்தவரை மிகுந்த எச்சரிக்கை தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் வீட்டுக் கழிபொருளையே நாடுகிறது. பயன்படாத கூலர்த் தொட்டி, டயர், உடைந்த வாளி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீர் அதற்குப் போதும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே ஆகிறது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறையேனும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பறவைகளுக்கு அகன்ற, ஆழமில்லாத மண்தட்டு போதும். தேனீக்கள் மூழ்காதிருக்கக் கூழாங்கற்களை இடுக. நாள்தோறும் நீரை மாற்றுக. அதற்கு ஆள் இல்லாத இடத்தில் நீர் வைக்காதிருப்பதே நன்று. கூலர்த் தொட்டியின் அடியில் துளையிட்டு, மண் நிரப்பிச் செடி நடலாம்.

இத்திட்டத்திற்கு மூலதனச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் பராமரிப்புச் செலவு உண்டு. அச்செலவு நாள்தோறும் சில நிமிட மனித உழைப்பு. அதனைக் கணக்கில் கொள்ளாது தொடங்கும் பணி, குருவிக்கென வைத்த பாத்திரத்தைக் கொசுவுக்கு விட்டுக்கொடுப்பதில் முடியும். அதன் சுமையை அண்டை வீட்டுக் குழந்தை காய்ச்சலாக ஏற்கும்.

ஆகவே அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியிருப்புகளில் இப்பணியைத் தொடங்குமுன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறியுங்கள். ஆண்டு முடிவில் எழுதும் அறிக்கையில் எத்தனை பானைகள் வழங்கப்பட்டன என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பானைகளில் குருவி குடியேறியது என்பதையும், எத்தனை பாத்திரங்களில் கொசுப்புழு காணப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாணவர்கள் விரும்பினால் இந்தக் கணக்கெடுப்பை அவர்களே ஏற்று நடத்தலாம்.