பட்டம் பெறாதார் அந்நிய தேசத்தில் ஆங்கிலம் போதித்தல்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சர்வகலாசாலைப் பட்டம் பெறாத வாலிபர் அந்நிய தேசஞ் சென்று, அத்தேசத்துச் சட்டத்திற்கு மாறின்றி ஆங்கிலம் போதித்து ஜீவிக்கக் கூடுமோ என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். "பட்டம் வேண்டுவதில்லை, மாதச் சம்பளம் பல்லாயிரம்" என்னும் விளம்பரங்கள் நம் பிள்ளைகளின் கைப்பேசியில் நாள்தோறும் வருகின்றன. அவற்றை நம்பி நகையை அடகு வைக்கத் துணியும் பெற்றோரும் உளர். ஆதலின் இதனை நிதானமாய் ஆராய்தல் அவசியமாகின்றது.

முதலாவது, பலரும் ஒன்றாக எண்ணி மயங்கும் இரண்டு காரியங்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தார் ஒருவரை வேலைக்கு ஏற்றுக்கொள்ளுதல் வேறு. அத்தேசத்துச் சர்க்கார் அவரை வேலை செய்ய அநுமதித்தல் வேறு. பள்ளிக்கூடத்தார் பட்டம் கேளாமலே வேலை தரலாம். சர்க்கார் பட்டம் கேட்குமாயின், அவ்வேலை சட்ட விரோதமான வேலையே. இதன் பலனை அநுபவிப்பவர் பெரும்பாலும் ஆசிரியரேயன்றிப் பள்ளிக்கூடத்தார் அல்லர்.

ஆங்கிலம் போதிக்கும் பயிற்சிக்குப் பட்டம் வேண்டுவதில்லை என்பது மெய்யே. ஜான் ஹேக்ராஃப்ட் என்பவரும் அவர் மனைவியாரும் 1953ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துக் கோர்தோவா நகரில் ஒரு பாஷைப் பள்ளியைத் தொடங்கி, 1962இல் லண்டன் நகரில் ஆசிரியர்க்கென இரண்டு வாரப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினர். அவ்வழியில் வளர்ந்ததே இன்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பரீக்ஷைப் பகுதியார் வழங்கும் 'செல்டா' என்னும் நற்சாட்சிப் பத்திரம். இதற்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியும், உண்மை மாணாக்கர் முன்னிலையில் 6 மணி நேரம் போதித்தலும் விதிக்கப்பட்டுள்ளன. உயர்கல்வியிற் சேரத் தகுந்த பள்ளிப் படிப்பு உடையார் இதிற் சேரலாம். ஆயினும், இப்பத்திரம் போதிக்குந் திறமைக்குச் சாட்சியே தவிரப் பட்டத்திற்கு ஈடாகாது, விசாவுமாகாது. வீட்டிலிருந்தபடியே சில நாளில் வாங்கும் மலிவான பத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனித் தேசங்களை நோக்குவோம். சீனம், தாய்லாந்து, தென் கொரியா ஆகியவற்றில் பள்ளி ஆசிரியருக்குப் பட்டம் பொதுவாக இன்றியமையாதது. கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா ஆங்கிலந் தாய்மொழியான ஏழு நாட்டினர்க்கே பொதுவாக உரியது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தால் நம்மவர்க்கும் ஒரு சிறு வழி திறந்தது. அதற்கும் பட்டமும் ஆசிரியர் தகுதியும் வேண்டும்.

திறந்துள்ள கதவுகளும் சில உண்டு. ஜப்பானில் பாஷைப் பள்ளிகளில் போதிப்போர்க்குரிய விசாவுக்குப் பட்டம் இல்லாவிடினும், அத்துறையில் மூன்றாண்டு வேலை செய்த அநுபவத்தை ருசுப்படுத்தினால் விண்ணப்பிக்க விதியில் இடமுண்டு. தைவானில் ஈராண்டுக் கலாசாலைப் படிப்புடையார், போதனா பயிற்சிப் பத்திரமுஞ் சேர்த்துக் காட்டலாம்; பாஸ்போர்ட் பற்றிய நிபந்தனை அங்கு வேறாக உண்டு. கம்போடியாவில் வேலை அநுமதிக்குப் பட்டத்தைப் பொதுவாகக் கட்டாயமாக்குவதில்லை. ஆனால் உயர்தரப் பள்ளிகள் அதனைக் கேட்கின்றன. அங்கும் உரிய விசாவும், தொழில் இலாகாவின் அநுமதியும் பெற்றே வேலை செய்தல் வேண்டும். ஸ்பெயினில் உயர்கல்வி பயிலும் அந்நிய மாணாக்கர், படிப்புக்கு இடையூறின்றி வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அங்கே படித்துக்கொண்டே ஆங்கிலம் போதித்தல் சட்டத்திற்கு உட்பட்டதாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டமின்றிப் போதித்ததாக எழுதும் மேல்நாட்டார் பலர், 'விடுமுறை வேலை விசா' என்பதன் மூலம் சென்றவர். ஜப்பான் இதனை 1980இல் ஆஸ்திரேலியருடன் தொடங்கிப் பின்பு பல நாட்டார்க்கும் விரித்தது. இந்தியர்க்கு ஜப்பானிய ஒப்பந்தம் இல்லை. எனவே அவர் சென்ற வழி நமக்குத் திறந்த வழி அன்று. ஒருவர் சொல்லும் யோசனையைக் கேட்குமுன் அவர் கையிலுள்ள பாஸ்போர்ட் எந்த நாட்டினது என்று கேட்டறிதல் நலம்.

சுற்றுலா விசாவிற் சென்று வேலை செய்யலாம், மாதந்தோறும் எல்லை கடந்து திரும்பலாம் என்று சில ஏஜெண்டுகள் சொல்வர். ஆழமறியாமற் காலை விடுதல் இதுவே. பிடிபட்டால் அபராதமும், நாடு கடத்தலும், மறுபடி அத்தேசத்துள் நுழையத் தடையும் நேரலாம். அதனினுங் கொடியது, சம்பளம் தராத முதலாளிமீது புகார் செய்யவும் இயலாது. புகார் செய்பவன் தன் குற்றத்தையே வெளியிடுகின்றான். 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிச் சென்ற நம் தமிழ்நாட்டு வாலிபர் சிலர், எல்லை கடத்தி மியான்மாருக்குக் கொண்டு போகப்பட்டு, கணினி மோசடிக் கூடங்களில் அடைபட்டு வருந்தி, பின்னர் மீட்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. அவர் ஆசிரியர் வேலைக்குச் சென்றவர் அல்லர். ஆயினும் வலை ஒன்றே, இரை மட்டும் வேறு.

ஆதலின் புறப்படுமுன் நான்கு காரியங்கள் செய்யற்பாலன. ஒன்று, அத்தேசத்துத் தூதரகமோ குடிவரவு இலாகாவோ வெளியிட்ட விதிகளை நேரே படித்தல். இரண்டு, ஒப்பந்தத்தில் உள்ள பள்ளியின் பெயரும், வேலை அநுமதி யார் பெயரில் பெறப்படும் என்பதும் எழுத்தில் இருத்தல். மூன்று, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்டு பதிவு செய்யப்பட்டவரா என்பதை மத்திய சர்க்காரின் 'இமைக்ரேட்' இணையத்தளத்தில் பார்த்தல். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கும் கட்டணத்திற்கு ரூ. 30,000மும் வரியும் என விதி வரம்பிட்டுள்ளது. நான்கு, விசா கையில் வருமுன் முழுப் பணத்தையும் கொடாதிருத்தல்.

வாலிபர்களைத் தடுத்தல் நம் நோக்கமன்று. வழி நேராக இருக்க வேண்டுமென்பதே நம் விருப்பம். இங்கேயே ஒரு போதனா நிலையத்தில் ஆங்கிலம் கற்பித்து, நியமனக் கடிதமும் சம்பள ரசீதும் பத்திரப்படுத்தி வருவீராயின், அம்மூன்றாண்டு வீணாகாது. அதுவே அநுபவத்திற்கு ருசுவாகும். அதே மூன்றாண்டில், 1985இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைச் சர்வகலாசாலையிலோ, 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைச் சர்வகலாசாலையிலோ பட்டமும் பெற்றுவிடலாம். அஞ்சல்வழிப் பட்டத்தைத் தாம் செல்லக் கருதும் தேசத்தார் ஏற்பரோ என்பதை முன்னரே கேட்டுக்கொள்க. அதுகாறும் மூடியிருந்த பல கதவுகள் அப்பொழுது தாமே திறக்கும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பட்டமில்லாதவன் என்று நாணவும் வேண்டா. பட்டமின்றி எங்கும் போகலாம் என்போரை நம்பவும் வேண்டா. விதியைப் படித்து, காகிதங்களைச் சரிபார்த்து, பகலில் எல்லாரும் காணப் புறப்படும் பிள்ளையே பகலில் எல்லாரும் காணத் திரும்பி வருவான். நம் வாலிபர் யாவரும் அவ்வாறே சென்று, சிறந்து மீள்வாராக.