யுத்தம் அடுப்பங்கரைக்கு வந்த கதை

(பிள்ளைச்சாவடியில் படம் போடுவதற்கு முன் பேசிய பேச்சு)



சற்று நேரத்தில் இந்தத் திரையில் ஒரு வங்காளிப் படம் ஓடப்போகிறது. சத்யஜித் ராய் 1973இல் எடுத்த ‘அசனி சங்கேத்’. யுத்தப் படம் என்று சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டோம். ஆனால் பீரங்கியைத் தேடாதீர்கள். சண்டைக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆகாயத்தில் விமானங்கள் போகும். ஆற்றில் குளிக்கும் பெண் அண்ணாந்து அழகு பார்ப்பாள். அவ்வளவுதான்.

பிறகு என்ன யுத்தப் படம் என்று கேட்பீர்கள். அரிசி விலையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்! முதலில் கடையில் அரிசி இருக்கும், விலை ஏறியிருக்கும். அப்புறம் கடையிலேயே அரிசி இராது. ஊரில் பூசை செய்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பிராமணரின் மனைவி அனங்கா, கூலிக்கு நெல் குத்தப் போவாள். சுட்கி என்று ஒருத்தி. அவள் அரிசிக்காக எதை விற்கிறாள் என்பதை நீங்களே பாருங்கள். அவளைப் பழித்து ஒரு வார்த்தை ராய் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

நடந்தது இதுதான். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. யுத்தச் செலவு விலைவாசியைத் தூக்கியது, வியாபாரி பதுக்கினான், கூலி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஜப்பான்காரன் கரையிறங்கினால் பயன்படுத்திக் கொள்வானென்று வங்காளக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான படகுகளை வெள்ளைக்கார சர்க்கார் பறித்தது. படகு போனால் வலைக்காரன் வீட்டில் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1943 பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் விவசாயக் கூலிகளும் மீனவர்களும். படத்தின் கடைசி எழுத்து, மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்கிறது. பின்னால் கணக்கிட்டவர்களில் பலர் 30 லட்சம் என்கிறார்கள்.

பஞ்சத்தைப் போய் இவ்வளவு பச்சையாக, வர்ணத்தில், அழகாக எடுக்கலாமா என்று அப்போது சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். எங்களுக்கு அந்தக் குறை ஒப்பவில்லை. பாகூர்ப் பக்கம் அறுப்புக்கு முன் போய் நின்று பாருங்கள், கண்ணெட்டும் வரை பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவில் உழுதவன் பட்டினி கிடக்க முடியும் என்பதுதானே விஷயம்! வானம் பொய்த்து வந்த பஞ்சமல்ல அது. வெடித்த நிலத்தைக் காட்டியிருந்தால் பழி மழைமேல் போயிருக்கும்.

படத்தில் முதலில் பசியால் சாகிறவள் மோத்தி, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்டவள். பிணத்தைத் தொட ஆளில்லை. பசி வந்தும் சாதி போகவில்லை. அந்த இடத்தில் பிராமணர் என்ன முடிவு செய்கிறார் என்று பாருங்கள். எங்களுக்குப் படத்தில் மிகப் பிடித்த இடம் அது.

இதே பஞ்சத்தை 1946இலேயே ‘தர்த்தி கே லால்’ என்று கே. ஏ. அப்பாஸ் எடுத்தார், மக்கள் நாடக மன்றத்தார் நடித்தார்கள். அது கிராமத்திலிருந்து கல்கத்தா நடைபாதைக்குப் போன குடும்பத்தின் கதை. அதையும் ஒருநாள் போடுவோம்.

இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 1957இல் வந்த ‘குவாய் நதிப் பாலம்’. ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. இலங்கையில் கித்துல்கலையில் எடுத்தார்கள். சயாம்–பர்மா ரயில்பாதை போட்ட கதை. 1942–43இல் 415 கிலோமீட்டர் பாதை. அதில் செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். செத்த ஆசியக் கூலிகளோ அதைப்போலப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துப்போன நம் தமிழர்கள் அவர்களில் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் போனார்கள். படத்தில் அவர்கள் எங்கே? பேர் சொல்ல ஒரு பாத்திரம்கூட இல்லை. வெள்ளைக்கார கர்னலின் மானம் பெரிதாகத் தெரிகிறது. மண் சுமந்தவனின் கஞ்சிக் கலயம் தெரியவே இல்லை. வெடியும் வீரமும் நிறைந்த படம்தான், நாங்களும் வாய் பிளந்து பார்த்தவர்கள்தான். ஆனால் கூலிக்காரன் எப்படி உண்டான், எங்கே படுத்தான், யார் அவனைப் புதைத்தார்கள் என்று காட்டாததால், அவன் செத்ததும் தெரியாமல் போயிற்று. ராய் படத்தில் உலையும் முறமும் இருப்பதால் சாவும் தெரிகிறது.

சரி, நேரமாகிறது. பேச்செல்லாம் வங்காளியில் இருக்கும். முக்கியமான இடங்களில் தோழர் ஒருவர் தமிழில் சொல்வார். சத்தம் வேண்டாம். பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள். விளக்கை அணைக்கலாம்.