துதிக்கைக் கோழியும் தாய்லாந்து உரலும்



ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1863 ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் இதனை நாடு முழுமைக்கும் உரிய நாளாகப் பிரகடனஞ் செய்தார். 1941 ஆம் ஆண்டுச் சட்டம் நான்காம் வியாழனை உறுதிப்படுத்திற்று. அன்றைய விருந்தின் நாயகம் வான்கோழி. அது மேசைக்கு வராவிடின் திருநாளே வரவில்லை என்று அந்நாட்டுப் பிள்ளைகள் எண்ணுவர்.

அங்கே குடியேறி வாழும் தாய்லாந்து மக்களின் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணுகின்றனர். 1965 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் பின்னர் அம்மக்களின் தொகை பெருகிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு பகுதி 1999 ஆம் ஆண்டு முதல் 'தாய் டவுன்' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்நகரில் ஒரு தாய்லாந்துக் குடும்பத்தின் வீட்டில், அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நன்றியறிதல் விருந்துண்ணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்த இரண்டு வான்கோழிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலாம் ஆண்டில் வீட்டுத் தலைவி அமெரிக்கச் சமையல் நூலைப் பின்பற்றி, வெண்ணெயும் உப்பும் பூசிப் பறவையைச் சுட்டெடுத்தார். பார்வைக்குப் பொன்னிறம். பிள்ளைகள் ஆரவாரித்தனர். அவருடைய தாயார், எண்பது வயதை நெருங்கியவர், ஒரு துண்டை எடுத்து நெடுநேரம் மென்றார். பின்னர் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வெறுஞ் சோற்றை மிளகாய் மிதக்கும் மீன்சாற்றிலே தொட்டுத் தொட்டு உண்டார். பேரப்பிள்ளைகள் அவரை 'யாய்' என்று அழைத்தனர். தாய்லாந்து மொழியில் அது தாயைப் பெற்ற பாட்டியைக் குறிக்கும். நம் பழந்தமிழில் யாய் என்பது தாய். ஒலியொற்றுமை தற்செயலானதே, ஆயினும் என் செவிக்கு அது இனித்தது. பாட்டி ஒரு குறையும் கூறவில்லை. மகளோ அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊர் கூடி உண்ணும் நாளில் தன் தாய் மட்டும் வேறு உணவு உண்பதை எந்த மகள் பொறுப்பாள்?

வான்கோழியைக் கைவிடப் பிள்ளைகள் இசையார். அதனை உண்ணப் பாட்டியால் இயலாது. அடுத்த ஆண்டுக்குரிய சிக்கல் இதுவாயிற்று.

கடையில் விற்கும் செங்கறிக் கூட்டை வாங்கி மேலே பூசினாற் போதாதோ என்று கேட்பீர்கள். பலர் அப்படித்தான் செய்கின்றனர். மேற்பூச்சுக் கருகிவிடும், உள்ளே இறைச்சி முன்போலவே சப்பென்றிருக்கும். வான்கோழியின் நெஞ்சிறைச்சி கொழுப்புக் குறைந்தது. சூடு சற்று மிஞ்சினாலே பஞ்சாக உலரும். தொடையோ கூடுதலான சூடு பட்டாலன்றி இளகாது. ஆகவே சுவையை உள்ளே அனுப்புவதும், நெஞ்சு உலருமுன் தொடையை வேகவைப்பதுமே இங்கு வேலை. உள்ளே செல்ல வல்லது உப்பு ஒன்றே. மணப் பொருள்களிற் பெரும்பாலானவை தோலோடும் மேற்படையோடும் நின்றுவிடும். தாய்லாந்தாரின் உப்போ பெரும்பாலும் மீன்சாறு வடிவிலே வருவது. நெத்தலியை உப்பிலிட்டு ஓராண்டளவு புளிக்கவைத்து வடிக்கும் அச்சாறு, உப்போடு ஊனின் சுவையையும் கொண்டு செல்கின்றது.

இரண்டாம் ஆண்டில் அவர்கள் செய்த முறையைச் சொல்கின்றேன். பறவை பன்னிரண்டு இறாத்தல். உறைந்த பறவையை ஞாயிற்றுக்கிழமையே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தனர். நாலைந்து இறாத்தலுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. அவசரப்பட்டு வெளியே வைத்து உருகவிட்டால் நோய்க்கிருமிகள் பெருகும். குழாய் நீரிற் கழுவவும் வேண்டாம். தெறிக்கும் நீர் கிருமிகளைச் சமையலறை எங்கும் பரப்பும்.

புதன்கிழமை பாட்டி உரலின் முன் அமர்ந்தார். மல்லி வேர், உள்ளி, வெண்மிளகு ஆகிய மூன்றையும் இடித்தார். தாய்லாந்துச் சமையலில் இக்கூட்டுக்கு 'மூன்று தோழர்' என்று பொருள்படும் பெயர் உண்டு. வேரோடு கூடிய மல்லி கிடைப்பது அங்கே அரிது. கிடையாதவிடத்துத் தண்டினைக் கூடுதலாகச் சேர்ப்பர். எலுமிச்சம்புல்லின் அடித்தண்டை மெல்லியதாக அரிந்து அதனோடு இடித்து, அரைக் கோப்பை மீன்சாறும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கலந்தார். சில பறவைகள் உப்புநீர் ஏற்றப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்கு இந்த மேலதிக உப்பு வேண்டியதில்லை. முதுகெலும்பைப் பலமான கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, பறவையைக் கவிழ்த்து, நெஞ்செலும்பு முறியும்படி அழுத்தித் தட்டையாக்கினர். தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே விரல்களை நுழைத்துக் கூட்டினைப் பரப்பி, ஓர் இரவு முழுதும் மூடாமற் குளிரில் வைத்தனர். தோல் உலர்ந்தால் மொறுமொறுப்பு வரும்.

வியாழன்று போறணையின் சூடு 425 பாகை பரனைற், அதாவது ஏறத்தாழ 220 பாகை செல்சியசு. தட்டையான பறவையில் தொடைகள் வெளிப்புறமாக விரிந்து கிடப்பதால் அவற்றுக்குச் சூடு கூடுதலாகப் படுகின்றது. வேலை ஒன்றரை மணித்தியாலமளவில் முடிந்தது. கெட்டித் தேங்காய்ப்பாலிற் பனங்கட்டியைக் கரைத்து, கடைசி இருபது நிமிடத்துக்குள்ளேயே பூசினர். முன்னரே பூசினால் வெல்லம் கருகும். தாய்லாந்தின் பெத்சபுரி மாகாணத்துப் பனங்கட்டி பேர்பெற்றது. நம் யாழ்ப்பாணத்துப் பனையின் இனமே அங்கும் நிற்கின்றது. நெஞ்சின் தடித்த பகுதியிலும் தொடையின் உட்புறத்திலும் வெப்பமானி 165 பாகை பரனைற், செல்சியசில் 74, காட்டினாலன்றிப் பறவையை வெளியே எடுத்தல் கூடாது. நிறத்தை மட்டும் நம்பி இறக்குவது ஆபத்து.

தொட்டுக்கொள்ள, வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியார் சுட்ட இறைச்சிக்குச் செய்யும் சாறு ஒன்று: புளிக்கரைசல், மீன்சாறு, வறுத்த மிளகாய்த் தூள், வறுத்திடித்த அரிசி மா, சின்ன வெங்காயம், தேசிப்புளி. பாண் துண்டுகளை உள்ளடைப்பதற்குப் பதிலாக ஒட்டரிசிச் சோறு. தட்டிலே வடிந்த நெய்யோடு தேங்காய்ப்பாலும் பேரரத்தையும் சேர்த்துக் குழம்பு ஒன்றும் வைத்தனர். அது சற்று உப்புக் கூடிவிட்டது என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

இது கலப்படம் என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். வான்கோழியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வீட்டுப் பறவையாக்கியவர்கள் மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள். மிளகாயின் தாயகமும் அதுவே. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் இரண்டையும் வெவ்வேறு திசைகளுக்குக் கொண்டு சென்றன. மிளகாய் சீயத்துக்கு வருமுன் அங்கே காரந் தந்தது மிளகு. இன்றும் மிளகுக்கு அவர்கள் இட்ட பெயர் 'தாய் மிளகாய்' என்றே பொருள்படும். நாமோ வந்த காய்க்கு மிளகின் பெயரையே நீட்டி மிளகாய் என்றோம். ஓரூரிற் பிறந்த இரண்டும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மேசை ஒன்றில் மீண்டும் சந்தித்ததிற் பிழை எதனையும் நான் காணவில்லை.

தாய்லாந்து மொழியில் வான்கோழிக்குத் 'துதிக்கைக் கோழி' என்று பெயர். அதன் மூக்கின் மேல் தொங்கும் தசையைக் கண்டு இட்ட பெயர். அன்றிரவு பாட்டி துதிக்கைக் கோழியின் தொடையிறைச்சியை இரண்டு முறை கேட்டு வாங்கினார். கடைக்குட்டிப் பேரன் மட்டும் உறைப்புக் கூட என்று சொல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். விருந்து முடிந்ததும் எலும்புகளைக் குப்பைக்கு எடுத்தார் மருமகன். பாட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அவற்றை ஒரு பெரிய பானையில் இட்டு, முதுகெலும்பையும் சேர்த்து, இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டார். மறுநாட் காலையில் எங்களுக்கு அந்த எலும்புச் சாற்றிற் காய்ச்சிய அரிசிக் கஞ்சி கிடைத்தது.